யாரும் கேட்காத ஒரு வரி

ராத்திரி எட்டரை மணி சீரியல். மருமகள் குடிக்கப்போகிற பாலில் மாமியார் எதையோ கலக்கிறாள். கேமரா பாலைக் காட்டுகிறது. மாமியாரின் கண்ணைக் காட்டுகிறது. மறுபடி பாலைக் காட்டுகிறது. ‘டொய்ங்’ என்று ஒரு மிரட்டல் இசை. தொடரும்.

நீங்கள் யாரைத் திட்டுவீர்கள்?

மாமியாரைத்தான். “பாவி, விளங்குவாளா இவ?” என்று வாய்விட்டே திட்டுவீர்கள். அந்த வேஷம் போட்ட அம்மா மறுநாள் கோயிலுக்குப் போனால், அங்கேயும் நாலு பேர் வழிமறித்து, “ஏம்மா இப்படிப் பண்றே? அந்தப் பொண்ணு உனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?” என்று கேட்பார்கள். வில்லியாக நடிக்கிறவர்கள் பேட்டிகளில் அடிக்கடி சொல்லும் அனுபவம் இது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டைரக்டரைத் திட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சேனலைத் திட்டுவார்கள்.

‘பாலில் விஷம் கலக்கிறாள்’ என்று காகிதத்தில் எழுதினாரே ஒருத்தர், அவரை மட்டும் யாரும் திட்டுவதில்லை. ஏனென்றால், அவர் யாரென்றே நமக்குத் தெரியாது. டைட்டிலில் அவர் பெயர் ஓடுகிற நேரத்தில்தான் நாம் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறோம்.

லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்துக்குள் தினம் தினம் நுழைகிற ஒருவர், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வகையில் நிம்மதியான பிழைப்புதான். ஆனால், கொஞ்சம் யோசித்தால் ஒரு கேள்வி இடறுகிறது. அடுத்தவர் காசில், அடுத்தவர் சொன்னபடி எழுதுகிறவருக்கு, தான் எழுதியதில் எவ்வளவு பொறுப்பு?

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். அதுதானே முறை? நம் சௌகரியத்துக்கு அவரைச் சாலிகிராமத்தில் ஒரு டீக்கடையில் கற்பனையாக நிறுத்தி, கையில் ஒரு டீயும் கொடுத்துப் பேச விடுவோம்.

“சார், டைட்டிலை நல்லாப் பாருங்க. கதைன்னு ஒருத்தர், திரைக்கதைன்னு இன்னொருத்தர், வசனம்னுதான் என் பேரு. விஷம் வைக்கணும்னு முடிவு பண்றது நான் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு என்னென்ன ஸீன்னு போன்ல சொல்வாங்க. காலைல ஏழு மணிக்கு ஆர்ட்டிஸ்ட் மேக்கப் போட்டு உட்கார்ந்திருப்பாங்க. அதுக்குள்ள எழுதிக் கொடுத்தாகணும். ஹீரோயின் கால்ஷீட் இல்லைன்னா, அவங்களைக் கோயமுத்தூருக்கு அனுப்பிட்டுக் கதையை நாலு நாள் ஓட்டணும். அப்பாவா நடிக்கிறவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, ‘இவருக்குப் பதில் இனி இவர்’னு கார்டு போட்டுட்டு, புது அப்பா வாயில பழைய அப்பா பேச்சை வைக்கணும். வாராவாரம் ரேட்டிங் வரும். மாமியார் அழுதப்ப இறங்குச்சு, கொடுமை பண்ணப்ப ஏறுச்சுன்னா, அவ்வளவுதான். அந்தம்மா திருந்தவே கூடாது. இதுல நான் என்ன சார் பண்ண முடியும்? நான் மாட்டேன்னா நாளைக்கே இன்னொரு பையன் வந்து எழுதிட்டுப் போவான். எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்.”

நியாயமாகத்தான் இருக்கிறது. அதுவும் ‘திருந்தவே கூடாது’ என்று சொன்னார் பாருங்கள், இந்தத் தொழிலின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. மாமியார் திருந்திவிட்டால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் விளம்பரம் போய்விடும்.

இந்த ஏற்பாட்டை நாம் கண்டுபிடிக்கவில்லை. இதற்கு வயது தொண்ணூறுக்கு மேல். 1930-ல் சிகாகோ ரேடியோவில் ஐர்னா பிலிப்ஸ் என்ற பெண் ஒரு தினத்தொடர் எழுத ஆரம்பித்தார். அதற்கு முன் டீச்சராக இருந்தவர். பகலில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டே பெண்கள் கேட்பதற்கான குடும்பக் கதை. உட்கார்ந்து எழுதுகிற வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. எல்லாப் பாத்திரங்களாகவும் தானே பேசிக் காட்டுவார், செக்ரட்டரி எழுதிக்கொள்வார். இப்படிப்பட்ட தொடர்களுக்குப் பணம் போட்டவர்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள். அதனால்தான் ‘சோப் ஆபரா’ என்று பெயரே வந்தது. 1937-ல் அவர் தொடங்கிய ‘கைடிங் லைட்’ ரேடியோவிலிருந்து 1952-ல் டி.வி-க்கு வந்து, 2009-ல்தான் முடிந்தது. 72 வருஷம்! நம்ம ஊர் மெகா சீரியல்கள் எல்லாம் குழந்தைகள்.

அந்த ஐர்னா பிலிப்ஸிடம் வேலைக்கு வந்து சேர்ந்தவர் ஆக்னஸ் நிக்ஸன். வந்த கதையே வேடிக்கை. அவருடைய அப்பா, இறந்தவர்களுக்குப் போர்த்துகிற உடைகளைத் தயாரித்து விற்கும் வியாபாரி. மகளும் அந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. ‘எழுத்தெல்லாம் உனக்குச் சரிப்படாது என்று ஒரு பெரிய எழுத்தாளர் வாயாலேயே சொல்லட்டும்’ என்று பிலிப்ஸிடம் அனுப்பிவைத்தார். பிலிப்ஸ், அந்தப் பெண் எழுதிக் கொண்டுவந்ததை வாங்கி அவர் எதிரிலேயே சத்தமாகப் படித்துப் பார்த்தார். படித்து முடித்ததும் என்ன சொன்னார் தெரியுமா? என்னிடம் வேலைக்குச் சேருகிறாயா என்று கேட்டார்.

வருஷம் 1962. ‘கைடிங் லைட்’டை இப்போது எழுதிக்கொண்டிருப்பவர் நிக்ஸன். அவருடைய தோழி ஒருவர் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். ‘பாப் ஸ்மியர்’ என்ற எளிமையான சோதனை அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடக்கூடிய நோய். ஆனால், பெண்கள் டாக்டரிடம் போவதில்லை. கூச்சம், பயம், விஷயமே தெரியாதது எல்லாம் காரணம். நிக்ஸனுக்கு ஒரு யோசனை. தொடரின் முக்கியமான குடும்பத் தலைவி பெர்ட் பாயருக்கு இந்த நோய் வருவதாக எழுதினால் என்ன?

சோப்புக் கம்பெனியும் டி.வி. கம்பெனியும் உடனே தலையாட்டிவிடவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால், ஒரு நிபந்தனை. ‘புற்றுநோய்’ என்ற வார்த்தை வரக் கூடாது. ‘கருப்பை’ என்ற வார்த்தை வரக் கூடாது. கருப்பையை எடுக்கும் ஆபரேஷனின் பெயரும் வரக் கூடாது.

புற்றுநோயைப் பற்றி எழுத வேண்டும், அந்த வார்த்தையே இல்லாமல். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ‘போய்யா நீயும் உன் சோப்பும்’ என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ரோஷமுள்ள எழுத்தாளர் என்று பெயரும் வந்திருக்கும். நிக்ஸன் கிழிக்கவில்லை. டாக்டரின் வாயில் ‘செல்கள் சரியாக இல்லை’ என்பது மாதிரி வார்த்தைகளை வைத்தார். பெர்ட் சோதனைக்குப் போகிறாள். ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிழைத்துக்கொள்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போய்ச் சோதித்துக்கொண்டதாகப் பெண்கள் கடிதம் எழுதினார்கள்.

கவனியுங்கள். நிக்ஸனும் சம்பளத்துக்கு எழுதியவர்தான். அவருக்கும் முதலாளி உண்டு, விளம்பரம் உண்டு, ரேட்டிங் உண்டு, நாளைக் காலை ஷூட்டிங் உண்டு. நம் டீக்கடை நண்பர் சொன்ன அத்தனை கயிறுகளும் அவரையும் கட்டியிருந்தன. கட்டிய கயிறுக்குள் கை ஆடுகிற அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் எழுதினார்.

“ஆஹா, அப்போ நல்ல எண்ணத்தோடு எழுதினால் போதும்!” என்று நீங்கள் முடிவுக்கு வந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

1971-ல் அமெரிக்காவில் ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. படைத்தவர் நார்மன் லியர். அதில் ஆர்ச்சி பங்கர் என்று ஒரு குடும்பத் தலைவர். கறுப்பர்களைப் பிடிக்காது, யூதர்களைப் பிடிக்காது, பெண்கள் எதிர்த்துப் பேசினால் பிடிக்காது. எல்லாவற்றையும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி உளறித் தள்ளுவார். இப்படிப்பட்ட ஆளைக் கேலி செய்து, பார்க்கிறவர்களின் மனதில் இருக்கும் துவேஷத்தைச் சிரித்தே விரட்டுவதுதான் நோக்கம். தொடர் அமோக வெற்றி. 1974-ல் விட்மார், ரோக்கீச் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். துவேஷம் இல்லாதவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். துவேஷம் உள்ளவர்களோ, ‘மனுஷன் சரியாத்தான் பேசறான்’ என்று ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தார்கள். மருந்து என்று நினைத்துக் கொடுத்ததைச் சிலர் ஊட்டச்சத்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? நாவலாசிரியர் மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது. மெக்ஸிகோவில் மிகுவேல் சபிடோ என்பவர் டி.வி. தொடர் மூலமாக முதியோர் கல்வியைப் பரப்பியதைப் பார்த்து, இங்கே குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் உரிமையையும் கதையாகச் சொல்லலாம் என்று தொடங்கியது. அங்கே சோப்பு என்றால், இங்கே ஸ்பான்ஸர் மேகி நூடுல்ஸ். ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பாடம் சொல்லுவார். ஆரம்பத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ஜோஷியும் மற்றவர்களும் அதைக் குறைத்து, கதையைக் கூட்டினார்கள். பிறகு தொடர் பிய்த்துக்கொண்டு போனது.

அதில் வரும் அம்மா, பாகவந்தி. குடிகாரக் கணவனையும் மாமியாரின் பேச்சையும் பொறுத்துக்கொண்டு, தனக்கென்று எதுவும் கேட்காமல் தேய்ந்துபோகிறவள். ‘இப்படி இருந்து கஷ்டப்படாதீர்கள்’ என்று சொல்லத்தான் அவளைப் படைத்தார்கள். பிறகு ஆராய்ச்சி செய்தவர்கள் கேட்டபோது, பார்வையாளர்களில் பலர் ‘பெண் என்றால் பாகவந்தி மாதிரி இருக்கணும்’ என்றார்கள். எச்சரிக்கைப் பலகையைக் கொண்டுபோய்ப் பூஜை அறையில் மாட்டிவிட்டார்கள்.

இப்போது குழப்பம் ஜாஸ்தியாகிவிட்டது, இல்லையா? ‘சொன்னதைத்தானே எழுதினேன்’ என்று ஒருத்தர் தப்பித்துக்கொள்ள முடியாது, நிக்ஸன் அதைக் காட்டிவிட்டார். ‘நல்லதுக்குத்தானே எழுதினேன்’ என்பதும் போதாது, ஆர்ச்சியும் பாகவந்தியும் காட்டிவிட்டார்கள். அப்படியானால் எழுதுகிறவரின் பொறுப்பை எந்தத் தராசில் நிறுப்பது?

ஹோட்டல் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன போட வேண்டும் என்று முடிவு செய்வது முதலாளி. ருசியாக இருக்கிறதா என்று சொல்வது சாப்பிட வருகிறவர். மாஸ்டர் நடுவில் அல்லாடுகிற ஆள். வடை சாப்பிட்டவருக்கு நெஞ்செரிச்சல் வந்தால், அவர் வீட்டில் ஏற்கெனவே என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார் என்பதற்கு மாஸ்டர் பொறுப்பில்லை. ஆனால், வாணலியில் இருக்கிற எண்ணெய் மூன்று நாள் பழசு என்பது அந்தக் கடையில் யாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவர் மாஸ்டர்தான். தெரிந்ததற்கு அவர் பொறுப்பு.

பொறுப்பை நாம் எப்போதும் அதிகாரத்தை வைத்தே அளக்கிறோம். ‘முடிவெடுக்கிற இடத்தில் நான் இல்லை, அதனால் எனக்குப் பொறுப்பில்லை.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், தெரிந்திருப்பதே ஒரு பொறுப்பு. நிக்ஸனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. தோழியை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து தெரிந்துகொண்ட விஷயம். தெரிந்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நார்மன் லியருக்கோ ஜோஷிக்கோ, முதல் நாளே ஜனங்கள் இப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால், ஆராய்ச்சி முடிவும் கடிதமும் வந்து சேர்ந்த நாளிலிருந்து, அதுவும் தெரிந்த கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ‘ஹம் லோக்’கில் பிரசாரத்தைக் குறைத்தார்களே, அது தெரிந்துகொண்டவர்கள் செய்கிற காரியம்.

சரி, கொடுமையைக் காட்டவே கூடாதா? அப்படிச் சொன்னால் நம் பழைய கதை எதுவுமே மிஞ்சாது. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து, ராத்திரி கூத்து ஆடுவார்கள். நாள் கணக்கில் நடக்கும். அதுவும் ஒரு மெகா சீரியல்தான். சபையில் ஒரு பெண்ணை இழுத்துவந்து துகிலுரிகிறார்கள். அதைவிடக் கொடுமை உண்டா? ஆனால், கதை அதை அந்த ராத்திரியோடு மறந்துவிடுவதில்லை. படுகளத்தில் துரியோதனன் விழுந்து, திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிற வரைக்கும் ஊர் காத்திருக்கிறது. செய்த அநியாயத்துக்குக் கணக்கு பாக்கி நிற்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நம் எட்டரை மணிக் கதையில் அந்தக் கணக்குப் புத்தகமே கிடையாது. செவ்வாய்க்கிழமை கணவன் கன்னத்தில் அறைகிறான். வெள்ளிக்கிழமை அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி காபி கொடுக்கிறாள். அறை வாங்கினால் எத்தனை நாள் வலிக்கும் என்று எழுதினவருக்குத் தெரியாதா? அவரும் ஒரு வீட்டில் வளர்ந்தவர்தானே. தெரியும். தெரிந்தும் விட்டுவிடுகிறார். என்னைக் கேட்டால், பழைய எண்ணெய் அதுதான். பாலில் விஷம் கலந்ததுகூட இல்லை. விஷம் கலந்தவள் அடுத்த வாரம் எல்லாரோடும் உட்கார்ந்து பொங்கல் கொண்டாடுகிறாளே, அது.

“கதையே என் கையில இல்லைங்கறேன், கணக்கை நான் எங்கே சார் எழுதறது?” என்று டீக்கடை நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. காபி கொடுக்கிற ஸீனைத்தானே உங்களிடம் கேட்டார்கள்? கொடுக்கட்டும். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது, “நேத்து அடிச்சது இன்னும் வலிக்குதுங்க” என்று அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும். கால்ஷீட் கெடாது. லொகேஷன் மாறாது. கதை ஒரு நாள்கூடச் சீக்கிரம் முடியாது. அந்த வரியை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. எழுதக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிற யாரோ ஒரு பெண், தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

டைரக்டர் வெட்டிவிட்டால்? வெட்டியவர் பொறுப்பு. மூன்று தடவை வெட்டினால் நாலாவது தடவை வேறு இடத்தில் வையுங்கள். மூன்று வார்த்தைகளைத் தடை செய்த கம்பெனியில்தான் நிக்ஸன் வேலை பார்த்தார். எல்லாவற்றுக்கும் வேலையை விட வேண்டும் என்பதில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வருவது ஒரு நேர்மை என்றால், உள்ளே உட்கார்ந்து ஒரு வரிக்காக மல்லுக்கட்டுவதும் நேர்மைதான். இரண்டாவதற்குக் கைதட்ட ஆளிருக்காது, அவ்வளவுதான். ஆனால், உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் எதிராகவே தினமும் எழுத வேண்டியிருந்தால், ஒரு நாள் ஸ்கூல் ஃபீஸுக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். அந்த நாள் எது என்று அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வி இப்போது இன்னும் அவசரமாகிவிட்டது. 2023-ல் அமெரிக்காவின் சினிமா, டி.வி. எழுத்தாளர்கள் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டதில் முக்கால்வாசி சம்பள விஷயம். ஆனால், அதில் ஒன்று புதுசு. செயற்கை நுண்ணறிவு என்கிற மெஷின் எழுதித் தருவதை எழுத்தாளர் எழுதியதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார்கள். ஒப்பந்தத்தில் அதை வாங்கியும் விட்டார்கள்.

பயப்படவும் காரணம் இருக்கிறது. ‘மாமியார் பாலில் விஷம் கலக்கிறாள், வசனம் எழுது’ என்றால் மெஷின் கண் மூடித் திறப்பதற்குள் பத்து விதமாக எழுதித் தரும். கேட்டதைச் சரியாகத் தரும். ‘நான் சொன்னதை எழுதுகிறவன் மட்டும்தான்’ என்று வாதாடுகிற எழுத்தாளருக்கு இதைவிட ஆபத்தான போட்டி கிடையாது. சொன்னதை மட்டும் எழுத, அதற்கு ஸ்கூல் ஃபீஸ்கூட வேண்டாம். அதற்குத் தோழி இறந்ததில்லை. அறை வாங்கியதில்லை. எழுதியதற்கு நாளைக்கு யாராவது வந்து கேட்டால், நின்று பதில் சொல்ல அதற்கு முகமும் இல்லை. ‘எனக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்லும்போது மனிதர்கள் தங்கள் நாற்காலியைத் தாங்களே காலி செய்து கொடுக்கிறார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. எழுதுகிறவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு நீங்கள் ரிமோட்டோடு வேடிக்கை பார்க்க முடியாது. தெரிந்தவர்தான் பொறுப்பு என்றால், உங்களுக்கும் தெரியுமே? பாகவந்தியைப் பூஜை அறையில் மாட்டியது எழுத்தாளர் இல்லை. மாமியார் கொடுமை செய்கிறபோது ரேட்டிங் ஏறினால், ஏற்றியது நாம்தான். நான் சீரியலை நிறுத்தச் சொல்லவில்லை. பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பத்து வயசுப் பெண்ணிடம், “அவன் அறைஞ்சானே, இவ ஏன் ஒண்ணுமே சொல்லலை?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். விளம்பர இடைவேளை போதும் அதற்கு.

எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், டி.வி-க்கு எழுதப் போகிறேன் என்றால், தடுக்காதீர்கள். கௌரவமான தொழில். சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுப்பதைவிட, சமையலறை வரைக்கும் போய்ச் சேருகிற எழுத்து அது. எழுதி முடித்த காகிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் எனக்குத் தெரிந்த பொய் எது? யாரும் கேட்காமல் நான் வைத்த உண்மை எது?

இரண்டாவது கேள்விக்கு வாரத்துக்கு ஒரு வரி தேறினால்கூட, டைட்டிலில் அந்தப் பெயரைப் படிக்க நாம் அடுப்பை ஒரு நிமிஷம் முன்னாலேயே அணைத்துவிட்டு வரலாம்.